முனீஸ்வரனுக்கு நேர்ந்த சீப்ரைட்

என் அக்கா புருஷன் கோழி வளர்க்கிறார் என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே குழம்பு ஞாபகம்தான் வரும். கோழிகளை நேரில் பார்த்துவிட்டால் அந்த ஆசை போய்விடும். ஒன்றை அடித்தால் ஒரு ஆளுக்கே பத்தாது. முழுசாக வளர்ந்த சேவல் என் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்க்கும். பேண்டம் கோழி என்பார் மாமா. அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு. தபால்காரரே "சவலக்கோழி வூடு எது" என்று கேட்டுத்தான் வருகிறார்.

நான் பத்தாவதை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கிடம் தோற்று, இப்போது செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்கிறேன். தங்கல் அக்கா வீட்டில். மாமா டிகிரி முடித்தவர். டிகிரி முடித்துவிட்டுப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுக்கு காபி விற்றார். பிறகு போனில் ஏதோ வீடியோ பார்த்தார். மறு வாரம் வீட்டுப் பின்னால் கம்பி வலை அடித்துக் கொண்டிருந்தார்கள்.

வாங்க வருபவர் யாராக இருந்தாலும் மாமா ஜாவா தீவிலிருந்துதான் ஆரம்பிப்பார். அங்கே பாண்டம் என்று ஒரு துறைமுகமாம். கப்பல்காரர்கள் வழிச் சாப்பாட்டுக்கு அங்கே கோழி வாங்குவார்களாம். கோழி சின்னதாக, சுறுசுறுப்பாக இருக்கவே சில பேர் அதைத் தின்னாமல் ஊருக்குக் கொண்டு போனார்கள். அதிலிருந்து உலகத்தில் எந்தக் குட்டிக் கோழியைப் பார்த்தாலும் அந்த ஊர்ப் பேரையே வைத்துவிட்டார்கள். பெரிய ஜாதிக் கோழியை ஆள்கள் தலைமுறை தலைமுறையாகச் சின்னதாக்கினதும் உண்டு. பெரிய வடிவமே இல்லாமல் பிறவியிலேயே குட்டியாக இருப்பதும் உண்டு. இரண்டாவதுதான் அசல் என்பார் மாமா, தானே அந்த வம்சத்தில் பிறந்த மாதிரி.

"கப்பல்காரன் துன்றதுக்கு வாங்கினான். நீங்க கும்புட்றதுக்கு வாங்கிக்கீறீங்க" என்பேன்.

"ஸ்கூட்டர் தொடைக்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது, மச்சான்" என்பார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. செராமா என்று ஒன்று வைத்திருக்கிறார். மலேசியாவில் உருவாக்கியதாம், உலகத்திலேயே அதைவிடச் சின்னக் கோழி இல்லையாம். உடம்பு ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆனால் நெஞ்சை முன்னால் தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து, ரெக்கை இரண்டையும் தரையைத் தொடுகிற மாதிரி இறக்கிவிட்டு நடக்கும். எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தலில் டெபாசிட் போன ஒருவர் இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறார். செராமாவாவது காலையில் கூவும்.

ஜப்பான் கோழிக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். வால் மட்டும் தலைக்கு மேலே குடை மாதிரி நிற்கும். அந்தக் குட்டைக் கால்தான் அதற்கு விலை. அதுவேதான் அதற்குச் சாவும். அப்பாவும் அம்மாவும் குட்டைக் காலாக இருந்தால் நாலில் ஒரு குஞ்சு முட்டைக்குள்ளேயே போய்விடும். இதை மாமா வாங்க வருபவரிடம் குரலை இறக்கிச் சொல்லிவிட்டு, உடனே குரலை ஏற்றி வாலைக் காட்டுவார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு ஜீவனுக்குக் காலைக் குறைத்துவிட்டு, அதற்கு 'ராயல் லுக்' என்று பேரும் வைப்பதற்குப் படித்திருக்கத்தான் வேண்டும்.

சில்கி சீனாக்காரி. இறகு பூனை முடி மாதிரி இருக்கும், தோலும் எலும்பும் கறுப்பு, மற்ற கோழிக்கு நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து. பறக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அடைகாப்பதுதான். முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடையில் ஏறி, கண்ணைப் பாதி மூடி, வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரில் யார் அப்படி உட்கார்ந்தாலும் எதிரே செருப்பு சேர்ந்துவிடும். சில்கிக்கும் சேர்ந்தது. என்னிடம் ஸ்கூட்டர் எடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மா வண்டி பழுதாகி வீட்டுக்கு வந்தவர், இது என்ன செய்கிறது என்று கேட்டார். மௌனத்தில் இருக்கிறது என்றேன். மறுநாள் பாயோடு வந்துவிட்டார். சில்கி ஒரு தடவை எழுந்து, தண்ணீர் குடித்து, அவர் பாய் ஓரத்திலேயே கழிந்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தது. அதிலும் அவருக்கு ஏதோ விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு இதெல்லாம் வியாபாரம். அவர் உயிர் சீப்ரைட்டில் இருந்தது.

சீப்ரைட் இங்கிலாந்தில் ஒரு பெரிய மனிதர் வருஷக்கணக்காக மெனக்கெட்டு உண்டாக்கிய ஜாதி. வெள்ளி நிற இறகு, ஒவ்வொரு இறகையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்ட மாதிரி கறுப்பு விளிம்பு. பார்த்தால் அழகுதான், என் வாயாலேயே சொல்கிறேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதில் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே உடுப்பு. சேவலுக்கென்று வளைந்து தொங்கும் வால் கிடையாது, கழுத்தில் கூர்கூரான இறகு கிடையாது. தெரியாத ஆள் பார்த்தால் இரண்டும் பெட்டைதான். போதாததற்குப் பிழைப்பதும் கஷ்டம். முட்டையில் பாதி கூமுட்டை, பொரித்த குஞ்சிலும் பாதி நிற்காது.

அந்த முட்டைகளை மாமா எங்கிருந்தோ வரவழைத்து, ஜப்பான் முட்டைகளோடு சேர்த்து சில்கிக்கு அடியில் வைத்தார். சில்கி யார் பிள்ளை என்று கேட்கிற ரகம் இல்லை. எல்லாவற்றையும் பொரித்தது. குஞ்சுகள் கொஞ்சம் இறகு முளைத்து நின்ற சமயத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் கூண்டைத் திறந்தால் தினமும் சில குஞ்சுகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கும். மாமா மருந்து கொடுத்தார், போனில் யார் யாரிடமோ பேசினார், பிறகு பேசுவதையும் விட்டுவிட்டுக் கூண்டுப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. நான்கூட அந்த வாரம் கிண்டல் பண்ணவில்லை.

அப்போதுதான் அக்கா வேண்டிக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாமாவின் சொந்த ஊரில், ஏரிக்கரையில் அவர்கள் குலசாமி முனீஸ்வரன். அந்தத் திசையைப் பார்த்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். மீதிக் குஞ்சுகள் பிழைத்தால், அதில் எந்தச் சேவல் முதலில் கூவுகிறதோ அது முனீஸ்வரனுக்கு.

கழிச்சல் நின்றது. அக்கா வேண்டியதால் நின்றதா, சாக இனி குஞ்சு இல்லை என்பதால் நின்றதா என்று கேட்டேன். அக்கா கரண்டியை எடுத்தாள், நான் கேள்வியை வாபஸ் வாங்கினேன்.

பிழைத்தவை ஜப்பான் குஞ்சு சில, சீப்ரைட் இரண்டு. ஜப்பான் எல்லாம் வளர வளரப் பெட்டையாகிக்கொண்டே போயின. சீப்ரைட் இரண்டில் ஒன்றுக்குக் கொண்டை கொஞ்சம் அகலமாக, சிவப்பாக ஏறியது. மாமா அதைப் பார்த்த அன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். அது சேவல். அவரிடம் இருக்கிற ஒரே சீப்ரைட் சேவல். அது போய்விட்டால் ஜோடி இல்லை, குஞ்சு இல்லை, அவர் கனவு கண்டுகொண்டிருந்த வம்சம் இல்லை.

டிகிரி படித்தவர் என்ன செய்வார். பொய் சொன்னார்.

"ரெண்டுமே பொட்டைங்கதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். உடுப்பு ஒரே மாதிரி இருக்கவே அக்காவும் நம்பிவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாயைத் திறந்தால் நான் ஓட்டிப் போகிற தன் வண்டிச் சாவி இனிக் கிடையாது என்றார். அதோடு நிற்கவில்லை. சந்தையில் ஒரு நாட்டுச் சேவல் குஞ்சை வாங்கிவந்து, அதே கூண்டில் விட்டு, இதுவும் சில்கி பொரித்ததில் பிழைத்ததுதான், கறுப்பாக இருந்ததால் நீ கவனிக்கவில்லை என்று சாதித்தார். நாட்டுக் குஞ்சு சீக்கிரம் கூவிவிடும், சாமிக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு.

"சாமியையே ஏமாத்துறீங்களே மாமா" என்றேன்.

"ஏமாத்தல. சேவல்னுதான் வேண்டினா உங்கக்கா. இதுவும் சேவல்தான்."

ஆனால் அவர் கணக்கில் செராமா இல்லை. நாட்டுக் குஞ்சு வளர்ந்து, செராமாவைப் போல் நாலு மடங்கு ஆகி, முதல் தடவை கழுத்தை நீட்டிக் கூவப் பார்த்தது. அந்தக் கைப்பிடிப் பயில்வான் எகிறி வந்து அதன் முகத்தில் ஒரு உதை விட்டது. அவ்வளவுதான். இன்னொரு சேவல் அதட்டி வைத்திருக்கிற இடத்தில் அடங்கிப் போன சேவல் தொண்டையைத் திறக்காது. மாதக்கணக்கில் அந்தத் தடியன் மூலையில் நின்று, செராமா தின்று முடித்த பிறகு தின்று, ஊமையாகவே இருந்தது. மாமா அதன் எதிரே போய்க் கும்பிடாத குறை. "கூவுடா சாமி" என்று கெஞ்சுவார். அது செராமாவைத் திரும்பிப் பார்க்கும்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே சேவல் மாதிரி கூவ வரும். பள்ளிக்கூடம் போய் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். தினமும் பல் விளக்கும்போது கூண்டுப் பக்கம் நின்று ஒரு கூவல் விடுவேன். செராமா யாரடா அது என்று கம்பியில் மோதும், பார்க்க நன்றாக இருக்கும். ஒரு நாள் காலை அக்கா நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். நான் கூவினேன். செராமா மோதியது. அதற்குப் பின்னால், செராமாவும் பெட்டை என்றே நம்பி உதைக்காமல் விட்டிருந்த சீப்ரைட், நொய்யைப் பொறுக்குவதை விட்டுத் தலையை நிமிர்த்தி, தொண்டையை உப்ப வைத்து, கிழிந்த துணி மாதிரி ஒரு குரலில் பதில் கூவியது.

அக்கா கையில் இருந்த நொய் அப்படியே நின்றது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க," என்றாள் அக்கா, மெதுவாக, "ரெண்டும் பொட்டன்னு சொன்னீங்க."

"சில பொட்டைங்க கூவும்" என்றார் மாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போவது என்று முடிவாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க மாமா சீப்ரைட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், கறியில் கறுப்பு விளிம்பு இருக்குமா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. அதற்கு மேல் கேட்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஷேர் ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டு கிளம்பினோம். அக்கா மடியில் பொங்கல் பானை. மாமா மடியில் சீப்ரைட் இருந்த கூடை, மேலே துண்டு போட்டு மூடி. என் காலுக்கடியில் நாட்டுச் சேவல் கயிற்றோடு. கூவாத சேவல் தனக்கு எதற்கு, ஊரில் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிடலாம், வயல்காட்டில் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்றார் மாமா. பாவம், அதற்காவது விடுதலை கிடைக்கட்டும் என்று நானும் நினைத்தேன்.

ஏரிக்கரையில் மாமாவின் பங்காளிகள் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். பூசாரி மாமாவுக்குப் பெரியப்பா முறை. நான் நாட்டுச் சேவலைக் கொண்டுபோய் வேப்ப மரத்து வேரில் கட்டினேன். அது கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு மண்ணைக் கீறியது. சுற்றும் முற்றும் பார்த்தது. செராமா எங்கேயும் இல்லை என்பது அதற்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

பூசாரி கூடையிலிருந்து துண்டை விலக்கிப் பார்த்தார். கையை உள்ளே விட்டு சீப்ரைட்டைத் தூக்கி, வாலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், திரும்பக் கூடையில் வைத்தார்.

"இன்னாம்மா இது. முனீஸ்வரனுக்குப் பொட்டையத் தூக்கிக்கினு வந்துக்கீறீங்க" என்றார்.

அக்கா அது சேவல்தான் என்றாள். தன் காதால் கூவக் கேட்டேன் என்றாள். இங்கிலாந்து ஜாதியில் சேவலுக்கும் பெட்டை உடுப்புதான் என்று, மாமாவிடம் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பங்காளிகள் கூடையைச் சுற்றி நின்று, கோழியைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள். ஊரில் எத்தனையோ கோழி பார்த்திருக்கிறார்கள், வால் இல்லாத சேவலை யாரும் பார்த்ததில்லை. பூசாரிக்குக் கோபம் வரவில்லை. சாமிக்கு ஆகாததைக் கொடுத்தால் பலன் வேறு மாதிரி ஆகும் என்று மட்டும் சொன்னார்.

"வளக்குறவன் நீ சொல்லு. சேவலா, பொட்டையா" என்று மாமாவிடம் திரும்பினார்.

சீப்ரைட்டைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுகிறவர். கொண்டையைக் காட்டி, காலைக் காட்டி, இது சேவல் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த ஏரிக்கரையில் அவர்தான். அவர் முனீஸ்வரனைப் பார்த்தார். முனீஸ்வரன் மீசையும் அரிவாளுமாக அவரைப் பார்த்தார்.

"பெரியவரு நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சண்டை போடவில்லை. பூசாரியிடம், அது கூவினால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். கூவினால் சேவல்தானே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார் அவர். எல்லோரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொங்கல் பொங்கி வழிந்து, இறக்கி வைத்து, ஆறியும் போனது. சீப்ரைட் வாயைத் திறக்கவில்லை. வெயில் படுகிறது என்று மாமா துண்டை எடுத்து மறுபடியும் கூடையை மூடிவிட்டார். மூடி இருட்டாக்கி வைத்தால் சேவல் லேசில் கூவாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நீ கூவு. நீ கூவுனா அது பதிலு குடுக்கும்."

வாழ்க்கையில் யாரும் என்னைக் கூவச் சொன்னதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் பழக்கம். மாமா கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வண்டிச் சாவி, திட்டு, எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. கெஞ்சிக்கொண்டிருந்தார். தினமும் என் வாயில் மாட்டிக்கொண்டு படுகிற மனுஷன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தாயே என்றாள் அக்கா. பூசாரி உட்பட எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எழுந்து நின்று கூவினேன். வழக்கம் போல் வராமல், பாதியில் உடைந்து, பிஞ்சுச் சேவல் கூவுகிற மாதிரி வந்தது.

கூடை அசையவில்லை.

பதில் வேப்ப மரத்துப் பக்கமிருந்து வந்தது. நாட்டுச் சேவல் கழுத்தை நீட்டி, ரெக்கையை அடித்து, மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கூவியது. என்ன குரல். எதிர்க்கரையிலிருந்து வேறு சேவல்கள் பதில் சொல்லின. அது மறுபடியும் கூவியது. தன்னை அதட்ட யாரும் இல்லை என்கிற சந்தோஷத்தில் மூன்றாவது தடவையும் கூவியது.

பூசாரி எழுந்தார்.

"முதல்ல கூவுறது சாமிக்குன்னுதானம்மா சொன்ன. சாமியே எதிர்ல கூப்ட்டு எடுத்துக்கிச்சு."

அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் தலையைச் சிலுப்பிக்கொண்டால் சாமி ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சில சேவல் லேசில் சிலுப்பாது, ஊரே காத்திருக்கும். இது உடனே சிலுப்பியது. கூவின சந்தோஷத்தில் கழுத்து தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

குழம்பு நன்றாக இருந்தது. பங்காளிகள் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பொங்கலோடு நிறுத்திக்கொண்டேன். நெஞ்சைத் தள்ளி நடக்கிறவனுக்குத் தீவனம், பெட்டை வேஷம் போட்டவனுக்கு உயிர், ஒரு நாள் வாயைத் திறந்தவனுக்கு அரிவாள். பத்தாவது தாண்டாத எனக்கே இது புரிந்தது. படித்த மாமா இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் காற்றுக்குக் கூடைத் துண்டு விலகியது. சீப்ரைட் தலையை வெளியே நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்து, கிழிந்த குரலில் ஒரு கூவல் விட்டது. ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாமா ஆற்றுப்பாலத்தைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா பானையைச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சாமி எதிர்ல பொட்டன்னு ஒத்துக்கினீங்க. இனிமே அது பொட்டதான். எவன் வந்து கேட்டாலும் பொட்டன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்னீங்கன்னா மறுபடி கீழ்பென்னாத்தூர்தான்."

மாமா சரி என்றார். அந்தச் சரியின் கனம் அடுத்த மாதம்தான் அவருக்குத் தெரிந்தது. சென்னையிலிருந்து காரில் வந்த ஒருவர் சீப்ரைட் ஜோடியைக் கேட்டு, சேவலின் கொண்டையைப் புகழ்ந்து, எந்தக் கண்காட்சிக்கும் கொண்டுபோகலாம் என்றார். மாமாவின் நெஞ்சு செராமா அளவுக்கு முன்னால் வந்தது. உள்ளே அக்கா பாத்திரத்தை டொக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. நெஞ்சு இறங்கிவிட்டது. அது பொட்டைங்க, சார் என்றார். வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, ஒன்றும் தெரியாதவனிடம் வந்துவிட்டோம் என்று காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

சேவல் மட்டும் யாருக்கும் வாக்கு கொடுக்கவில்லை. தினமும் விடிந்ததும் கூவுகிறது. அடுப்படியிலிருந்து அக்கா, "யாருங்க அது கூவுறது" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். மாமாவும் தினமும் ஒரே பதில்தான் சொல்லுவார்.

"மச்சான் பல்லு வெளக்குறான்."

நான் போர்வைக்குள் படுத்திருப்பேன். போன வாரம் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்த ஆள் எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார். பையன் நல்ல பையன்தான், விடிஞ்சா கொஞ்சம் கூவுவான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.